நெஞ்சுக்கு நேரே ஓர் இரும்பு ராடு

1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங்கின் ஸ்டீயரிங் வீலைக் கழற்றிவிட்டு, வெளிக்குழாயையும் உருவி எடுத்துவிட்டால், உள்ளே மிஞ்சுவது ஒரே ஒரு இரும்பு ராடு. அதன் மேல்முனையில் வீல். கீழ்முனை ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் போய், அங்கே இருக்கும் வார்ம் என்கிற திருகோடு சேர்ந்து ஒரே உருப்படியாக நிற்கிறது. நடுவில் ஒரு மூட்டு கிடையாது, ரப்பர் கிடையாது. பாக்ஸ் இருப்பது எஞ்சினுக்குப் பக்கத்தில், இடது முன் சக்கரத்தை ஒட்டி, சட்டத்தில் மூன்று போல்ட்டில். வண்டியின் முன்பக்கம் எதிலாவது பலமாக மோதிச் சட்டம் பின்னால் நகர்ந்தால் பாக்ஸும் நகரும். பாக்ஸோடு ராடும் வரும். அது வந்து சேருகிற இடம் ஓட்டுகிறவரின் நெஞ்சு.

இதைத் தெரிந்தேதான் அந்த வண்டியை வாங்கினேன். குடியிருப்பது மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய புறநகரில். பிழைப்பு, வாகன உதிரிபாகங்களைச் சோதிக்கிற வேலை. இந்தப் பாகம் எத்தனை கிலோ பாரத்தில் வளைகிறது, வளைந்தபின் எங்கே ஒடிகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதிவைப்பதுதான் என் தொழில். மற்றவர்கள் ஒரு பொருள் உடையாமல் இருந்தால் நல்ல பொருள் என்பார்கள். எங்கள் பட்டறையில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். உடைய வேண்டிய இடத்தில், உடைய வேண்டிய பாரத்தில் உடைந்தால்தான் அது நல்ல பொருள். அந்தக் கண்ணோடு பார்த்தால், மஸ்டாங்கின் அந்த ராடு அளவுக்கு மீறிய நல்ல இரும்பு.

பழைய கார் வைத்திருப்பது இந்த ஊரில் ஏறக்குறைய ஒரு பொது நோய். ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்டு அவென்யூவில் நடக்கும் 'ட்ரீம் குரூஸ்' ஊர்வலத்துக்குப் போனால் பெயின்ட்டைப் பற்றிப் பேசுவார்கள், எஞ்சின் நம்பரைப் பற்றிப் பேசுவார்கள், க்ரோமியம் பூசின பம்பரைத் தடவிப் பார்ப்பார்கள். ஸ்டீயரிங் தண்டைக் குனிந்து பார்க்க ஆள் இருக்காது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்ததே மகளால்தான். "அப்பா, லைசென்ஸ் வந்ததும் மஸ்டாங்கை ஓட்டட்டுமா?" என்று அவள் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அம்மா, "அந்த ஸ்டீயரிங்கை மாத்திட்டு அப்புறம் சாவியப் பத்திப் பேசுங்க" என்று முடித்துவிட்டாள். பதினாறு வயதில் லைசென்ஸ் கொடுக்கிற நாடு இது. தள்ளிப்போட வழியில்லை.

விபத்தில் ஸ்டீயரிங் செய்கிற கெடுதல் ஒன்றல்ல, இரண்டு. பலரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, நான் மேலே சொன்னது: முன்பக்கம் நசுங்கி, ராடு பின்னால் தள்ளப்பட்டு, உட்கார்ந்திருப்பவரை நோக்கி வீல் வருவது. இரண்டாவது அதற்கு நேரெதிர்: வண்டி சட்டென்று நின்றுவிட, ஆள் மட்டும் பழைய வேகத்திலேயே முன்னால் போய் வீலில் மோதுவது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். இடுப்பை மட்டும் பிடிக்கிற பழைய பெல்ட் போட்டிருந்தால், இடுப்பு நிற்கும், மேலுடம்பு மடங்கிப்போய் வீலில் விழும். ராடு அசையாமல் நின்றால் விலா எலும்புதான் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே நல்ல ஸ்டீயரிங் தண்டுக்கு இரண்டு கடமைகள். கீழிருந்து தள்ளினால் வீலைப் பின்னால் வரவிடக் கூடாது. மேலிருந்து நெஞ்சு விழுந்தால், முறுக்கிக்கொண்டு நிற்காமல், கட்டுப்பாட்டோடு முன்னால் உள்வாங்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானம் தேவைப்படவில்லை. மனம்தான் வரவில்லை. 1956-இல் ஃபோர்டு கம்பெனி நடுப்பகுதி குழிந்த வீலைப் போட்டது. ஆள் விழுந்தால் நடுக்குமிழில் படுவதற்குமுன் விளிம்பு கொஞ்சம் வளைந்து தாங்கட்டும் என்ற எண்ணம். நல்ல எண்ணம்தான், ராடு மட்டும் பழைய ராடு. ஜெர்மனியில் மெர்சிடிஸ் பென்ஸில் வேலைபார்த்த பெலா பாரெனி, மோதினால் முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கி நடுக்கூடு மட்டும் நிற்கிற உடல் அமைப்புக்கு ஏற்கெனவே காப்புரிமை வாங்கியவர். 1963-இல் பாதுகாப்பான ஸ்டீயரிங் தண்டுக்கும் வாங்கினார். அது 1967-இல் அந்தக் கம்பெனியின் கார்களில் வந்தது.

அமெரிக்காவில் வேலையைத் துரிதப்படுத்தியது வாடிக்கையாளர் ஒருவர்: அரசாங்கம். அரசு அலுவலகங்களுக்கு வாங்கும் கார்களில் இன்னின்ன பாதுகாப்பு இருந்தால்தான் வாங்குவோம் என்று 1964-இல் சட்டம் போட்டார்கள். அந்தப் பட்டியலில் மோதலை உள்வாங்கும் ஸ்டீயரிங்கும் ஒன்று. ஆயிரக்கணக்கில் கார் வாங்குகிறவர் கேட்டால் எந்தக் கம்பெனி முடியாது என்று சொல்லும்? அடுத்த ஆண்டே ரால்ஃப் நாடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீடு' என்ற புத்தகம் வெளிவந்தது. ஷெவ்ரலே கோர்வேர் காரில் ஸ்டீயரிங் பாக்ஸ் முன் அச்சுக்கும் முன்னால், மோதலின் வாயிலேயே வைக்கப்பட்டிருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். 1966 செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது.

கோர்வேரைப் பற்றி இங்கே, மிச்சிகனில், ஒரு பழைய வழக்கு இன்றும் பேசப்படுகிறது. 1963 மாடல் கோர்வேரை ஓட்டிப்போனவர் 1964-இல் நேருக்கு நேர் மோதினார். ராடு பின்னால் வந்து வீல் தலையில் அடித்தது. கார் என்பது பயணத்துக்காகச் செய்யப்படுவது, மோதுவதற்காக அல்ல, ஆகவே மோதலில் நடப்பதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்பது ஜெனரல் மோட்டார்ஸின் வாதம். கீழ்க்கோர்ட் ஏற்றுக்கொண்டது. 1968-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு திரும்பியது: கார் என்றால் மோதல் நடக்கும், அது தயாரிப்பாளருக்கும் தெரியும், தெரிந்தவர் அதற்கு ஏற்றாற்போல் செய்திருக்க வேண்டும். இன்று உலகம் முழுக்கக் கார்களைச் சுவரில் மோதிப் பார்ப்பதற்குப் பின்னால் இந்த எளிய நியாயம் நிற்கிறது.

அதற்குள் டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள சாகினாவில், ஜெனரல் மோட்டார்ஸின் ஸ்டீயரிங் பிரிவு விடையைத் தயாரித்துவிட்டிருந்தது. 1967 மாடல்களில் வந்த அந்தத் தண்டின் வெளிக்குழாயில் ஒரு பகுதி முழுக்கச் சாய்சதுர ஓட்டைகள். நுனியில் அழுத்தினால் காகிதக் கூண்டு விளக்கைப் போல மடிந்து உட்காரும். மடிக்கிற வேலையில் மோதலின் வேகம் தீர்ந்துபோகும். உள்ளே சுழல்கிற ராடும் ஒன்றாக இல்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு துண்டுகள், நடுவே பிளாஸ்டிக் ஊசிகள். சாதாரண ஓட்டத்தில் அந்த ஊசி இரண்டையும் நகராமல் பிடித்துக்கொள்ளும். மோதலில் ஊசி வெட்டுப்பட, ராடு உள்ளே சறுக்கும். இரண்டு ஆண்டில் ஓட்டைக் குழாய்க்குப் பதிலாக, இரண்டு குழாய்களுக்கு இடையே இறுக்கமாக எஃகு உருண்டைகளை வைத்தார்கள். குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும்போது அந்த உருண்டைகள் இரும்பை உழுதுகொண்டே போகும்.

1968 ஜனவரி 1 முதல் இது சட்டமானது. எண்கள் இரண்டு. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் காரைச் சுவரில் மோதினால் வீல் 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் வரக் கூடாது. மனித மார்பளவு கொண்ட ஒரு பொம்மையை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் வீலின் மேல் எறிந்தால், அதன் நெஞ்சில் ஏறும் விசை 11,120 நியூட்டனைத் தாண்டக் கூடாது, அதாவது 1,130 கிலோவுக்குச் சற்று கூடுதலான பாரம். அதுவும் கொடூரமான பாரம்தான், நம்மில் யாரும் விரும்பி வாங்கிக்கொள்ள மாட்டோம். ஆனால் ஆள் பிழைக்க வாய்ப்பிருக்கிற பாரம். 1981-இல் அமெரிக்க வாகனப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்குப் பார்த்தபோது, நேர் மோதல்களில் ஓட்டுநர் இறப்பு 12 சதவீதம் குறைந்திருந்தது. எல்லாக் கார்களிலும் இது இருந்தால் ஆண்டுக்குச் சுமார் 1,300 உயிர் மிஞ்சும் என்று எழுதினார்கள். குழாயில் ஓட்டை, ராடில் ஊசி. இந்தச் செலவுக்கு அந்தப் பலன்.

இங்கே நம் ஊர்ச் சங்கதி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு 1959-இல் வந்தபோதே அதன் ஸ்டீயரிங் ராடு நீண்டு சுருங்குகிற ராடு. ஒரு கிளாம்ப்பைத் தளர்த்தினால் வீலை நமக்குத் தோதான தூரத்தில் வைத்துக்கொள்ளலாம். பலமாக மோதினால் அந்தக் கிளாம்ப் வழுக்கி ராடு உள்ளே போகும். அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று செய்தார்கள். டெட்ராய்ட்டின் மஸ்டாங்கில் ஒற்றை ராடு நெஞ்சைப் பார்த்து நின்ற 1966-இல், மவுண்ட் ரோட்டில் சின்னக் கார் ஒன்று சுருங்குகிற ராடோடு போய்க்கொண்டிருந்தது. இதை வுட்வர்டு அவென்யூவில் எத்தனை பேரிடம் சொல்லியும் ஒருவரும் நம்பியதில்லை.

சரி, மாற்றுகிற கதைக்கு வருகிறேன்.

மஸ்டாங்குக்கு மூன்று வழிகள் உண்டு. பழைய பாக்ஸை வைத்துக்கொண்டு அதன் நீண்ட ராடை வெட்டி, வெட்டின இடத்தில் மூட்டு போட்டுப் புதுத் தண்டை இணைப்பது முதல் வழி. ராடை வெட்டுவது என்றாலே எனக்கு ஆகாது. ஸ்டீயரிங்கில் ஒரு தப்பான வெட்டு, ஒரு சூடேறின வெல்டிங், அப்புறம் அந்த வண்டியில் தூங்கக்கூட முடியாது. கடையில் புதிதாக விற்கும் தண்டு வாங்குவது இரண்டாவது. பளபளப்பாக இருக்கும், வீலை மேலும் கீழும் சாய்க்கலாம். ஆனால் அவற்றில் பல, உள்வாங்குகிற வகையே அல்ல. பார்வைக்கு நவீனம், உள்ளே அதே கெட்டி ராடு. வாங்குமுன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, 'மோதினால் இது எங்கே, எவ்வளவு தூரம் சுருங்கும்?' விற்கிறவர் பதில் சொல்லாமல் நிறத்தைப் பற்றிப் பேசினால் நடையைக் கட்டிவிடலாம்.

நான் எடுத்தது மூன்றாவது வழி. 1968-லிருந்து ஃபோர்டு மஸ்டாங்கிலேயே உள்வாங்கும் தண்டு வந்துவிட்டது. அந்தச் சட்டத்துக்காகச் சோதிக்கப்பட்ட தண்டு அது. 1968, 1969 மாடல்களில் சாவித் துவாரம் டேஷ்போர்டிலேயே இருக்கிறது. 1970-இல்தான் அது தண்டுக்கு இடம்மாறியது. என் வண்டியிலும் சாவி டேஷ்போர்டில்தான் என்பதால், அந்த இரண்டு ஆண்டுகளின் தண்டு எனக்குத் தோது. கூடவே அதே காலத்து ஸ்டீயரிங் பாக்ஸும் வேண்டும், ஏனென்றால் அதில்தான் ராடு குட்டையாக வெளியே வந்து நிற்கிறது. பாக்ஸின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்துகிற, அதற்கே உரிய பிட்மேன் ஆர்மையும் சேர்த்தே வாங்கிவிட வேண்டும். பழைய ஆர்மைப் புதிய பாக்ஸில் நுழைக்கப் பார்க்கிற வேலை வேண்டாம்.

பழைய தண்டு வாங்கும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. அது வந்த வண்டி ஏற்கெனவே மோதியிருக்கலாம். உள்வாங்கும் தண்டு ஒருமுறைதான் உள்வாங்கும். எனக்கு முதலில் காட்டப்பட்ட தண்டு பெயின்ட் அடித்து அழகாக இருந்தது. துளையிட்ட பகுதியில் விரலை வைத்துச் சுற்றிவந்தபோது, ஒரு பக்கத்தில் மட்டும் துளைகளின் விளிம்பு லேசாகப் பிதுங்கியிருந்தது. கண்ணுக்குப் படாது, விரலுக்குப் படும். டேப்பை எடுத்து அளந்தேன். ஒர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள நீளம் இல்லை. விற்கிறவர் "அம்பது வருஷப் பொருள், கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்" என்கிற பாவனையில் தோளைக் குலுக்கினார். இரும்பு வயசானால் துருப்பிடிக்கும், குட்டையாகாது. அடுத்த கடைக்குப் போனேன்.

வீலைக் கழற்றும்போது சுத்தியலைத் தூர வைத்துவிட வேண்டும். பழைய வண்டிக்காரர்களின் கை தானாகச் சுத்தியலுக்குப் போகும். வீல் இறுகிக்கொண்டால் ராடின் நுனியில் இரண்டு தட்டு. ஒற்றை ராடுக்கு அது பரவாயில்லை. உள்வாங்கும் தண்டில் அந்த இரண்டு தட்டே பிளாஸ்டிக் ஊசியை வெட்டிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே ராடு தொளதொளத்துவிடும். புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டும். மாட்டும்போதும் தட்டி உட்காரவைக்கக் கூடாது.

எனக்குப் பிடித்த இடம் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிறது. தண்டைத் தாங்கும் பிராக்கெட்டில் இரு பக்கமும் 'ப' வடிவ வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய உலோகத் துண்டு ஒன்று, மெல்லிய பிளாஸ்டிக்கால் ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கிறது. போல்ட் போவது இந்தத் துண்டின் ஓட்டைக்குள். வெட்டின் திறந்த வாய் ஓட்டுகிறவர் பக்கம், அடைத்த பக்கம் எஞ்சின் பக்கம். நெஞ்சு வீலில் விழுந்து தண்டை முன்னால் தள்ளினால், துண்டுகள் போல்ட்டோடு நின்றுவிட, பிளாஸ்டிக் அறுந்து, பிராக்கெட் மட்டும் கழன்று முன்னால் போகும். எஞ்சின் பக்கத்திலிருந்து யாராவது தள்ளினாலோ, அடைத்த பக்கம் துண்டில் முட்டி, தண்டு பின்னால் வராமல் நிற்கும். போக வழி உண்டு, வரத்தான் வழியில்லை. இரண்டு கடமைகளையும் இந்தக் குட்டித் துண்டு பார்த்துக்கொள்கிறது.

இதைத்தான் பலர் கெடுக்கிறார்கள். பிராக்கெட் கொஞ்சம் ஆடுகிறது என்று பெரிய வாஷரைக் கொடுத்து இறுக்கிவிடுவார்கள். வாஷர் துண்டையும் பிராக்கெட்டையும் சேர்த்து அமுக்கிவிடும். இன்னும் சிலர், 'கெட்டியாக இருக்கட்டும்' என்று இரண்டு பொட்டு வெல்டிங் வைப்பார்கள். துளையிட்ட குழாயின் மேலேயே கிளாம்ப் போட்டு ஒயரைக் கட்டுவார்கள். அல்லது ஏசி பெட்டியைத் தண்டு உள்வாங்குகிற வழியிலேயே கொண்டுவந்து வைப்பார்கள். உள்வாங்கும் தண்டு வாங்கியாகிவிட்டது, உள்வாங்க இடம்தான் இல்லை. கெட்டி ராடாக இருந்தால் ஆபத்து தெரிந்து மெதுவாகவாவது ஓட்டுவோம். இது தைரியத்தைக் கொடுத்துவிட்டுக் காலை வாரும்.

என் வண்டியில் அந்த பிராக்கெட்டை டேஷ்போர்டோடு பொருத்த ஒரு தகடு செய்ய வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் ஆலையில் டை செய்து ஓய்வு பெற்றவர். வரைபடத்தைக் கையில் கொடுத்தேன். அதைப் பார்த்த அடுத்த நொடி, "போல்ட் ஓட்டையை நீள ஓட்டையாகப் போடாதே" என்றார். வசதிக்காக நீள ஓட்டை போட்டால் மோதலில் போல்ட்டே வழுக்கும், பிளாஸ்டிக் எப்போது அறும் என்ற கணக்கு கெட்டுவிடும். தகட்டை நாள் கணக்கில் அரம்போட்டுப் பொருத்தினார். வண்டியைப் பார்த்துக்கொண்டே, இதை மாற்றிவிட்டால் கண்காட்சிப் போட்டியில் மார்க் போகும் என்று இன்னொரு பக்கம் முணுமுணுக்கவும் செய்தார்.

கீழே, பாக்ஸும் தண்டும் சேருமிடத்தில் ஒரு ரப்பர் வட்டு வருகிறது. துணி வைத்து அழுத்தின கெட்டி ரப்பர். சாலையின் அதிர்வைக் கைக்கு ஏறாமல் தடுக்கும். ரப்பர் கிழிந்தாலும் வீல் வெறுமனே சுற்றாதபடி இரண்டு ஊசிகள் காவலுக்கு உண்டு. இந்த வட்டு தட்டையாக இருக்க வேண்டும். குடைபோல் ஒரு பக்கம் பிதுங்கியிருந்தால் தண்டு அதிகமாகக் கீழே இறங்கி நெருக்குகிறது என்று அர்த்தம். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். மாட்டுமுன் பாக்ஸை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றி, எண்ணி, சரிபாதியில் நிறுத்தி, சக்கரங்களை நேராக வைத்துவிட்டு அப்புறம் வீலை மாட்டினால் பின்னால் தலைவலி இல்லை.

எல்லாப் பழைய கார்களிலும் ராடு இப்படி நேர்க்கோட்டில் போவதில்லை. வளைந்து போகிற இடத்தில் யுனிவர்சல் ஜாயின்ட் வரும், நம் ஒர்க்‌ஷாப்களில் சொல்கிற கிராஸ். இரண்டு கிராஸ் போட்டால் அவற்றின் கவைகள் ஒரே திசையில் நிற்க வேண்டும். மாறிப்போனால் வீல் ஒரு சுற்றிலேயே ஒரு இடத்தில் லேசாகவும் இன்னொரு இடத்தில் கனமாகவும் வரும். மூன்று கிராஸ் போட்டால் நடு ராடைத் தாங்க ஒரு பேரிங் கட்டாயம். ராடின் நுனி கிராஸின் நடுவே துருத்தக் கூடாது. திருப்பத்தில் இடித்து ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். அதைப் பற்றி மேலும் எழுத வேண்டியதில்லை.

தண்டு ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக உட்காரவும் முடியாது. மேலுடம்பைப் பிடிக்கிற மூன்று முனை பெல்ட் இல்லாவிட்டால் நெஞ்சு எங்கே போய் விழும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, வீலில் விழுந்தால்தான் தண்டு உதவும். 1966 மஸ்டாங்கின் முன்சீட்டு முதுகுக்குப் பூட்டும் இல்லை. பிரேக் அடித்தால் அதுவே முன்னால் மடியும். அதற்கும் கொக்கி போட்டேன். பெட்ரோல் டாங்க்கின் மேல்தகடே டிக்கியின் தரையாக இருக்கிற வண்டி இது. அந்த வயிற்றெரிச்சலை வேறொரு கட்டுரையில் கொட்டிக்கொள்கிறேன்.

அசல் மாறிவிட்டதே என்று அங்கலாய்ப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் பாதிப்பேர் தங்கள் வண்டியில் எஞ்சினின் குதிரைசக்தியை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள், டயரை அகலப்படுத்தியிருக்கிறார்கள். வேகத்துக்காக மாற்றினால் ரசனை, உயிருக்காக மாற்றினால் துரோகம் என்கிற கணக்கு எனக்குப் புரியவில்லை. கழற்றின பாக்ஸும் ராடும் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, பெயர்ச்சீட்டோடு பரணில் இருக்கின்றன. சட்டத்தை வெட்டவில்லை, உடலில் புது ஓட்டை போடவில்லை. வேண்டுகிறவர் ஒரு நாள் திருப்பி மாட்டிக்கொள்ளட்டும். இந்தியாவிலும் 2021-இல் வந்த விதிப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியை 'வின்டேஜ்' என்று பதிவுசெய்ய வேண்டுமானால் சேசிஸ், உடல், எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஆகவே அங்கேயும் வெட்டாமல் ஒட்டாமல் செய்கிற வேலைதான் நல்லது. பதிவு அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

இந்த வேலை நடந்த நாளெல்லாம் கோயம்புத்தூரிலிருந்து என் மச்சான், மனைவியின் அண்ணன், வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ஃபியட், பத்மினி, அம்பாசிடர் என்று அவருக்கு ஒர்க்‌ஷாப் நிறையச் சோறுபோடுகிற வண்டிகள்.

"ஏனுங் மாப்ள, இதே மாதிரி நம்ம பத்மினிக்குப் போட முடியாதுங்களா? கல்யாணத்துக்கு விடற வண்டி ஒண்ணு நிக்குது, ஓனரு கேக்கறாரு."

"ஹேண்ட் கியரா, ஃப்ளோர் கியரா மச்சான்?"

"ஹேண்ட் கியருங்க."

அங்கேதான் சிக்கல். மஸ்டாங்கில் கியர் தரையில் இருக்கிறது, தண்டுக்கு வீலைத் தவிர வேறு பொறுப்பில்லை. பத்மினியின் ஹேண்ட் கியரில், கியர் மாற்றுகிற ராடும் லிங்க்கும் ஸ்டீயரிங் தண்டோடேயே ஒட்டிப் போகின்றன. வேறொரு காரின் உள்வாங்கும் தண்டைக் கொண்டுவந்தால், கியர் ராடு நடுவில் கெட்டியாக நின்றுகொண்டு தண்டை உள்வாங்க விடாது. கியருக்கும் சேர்த்து நழுவுகிற இணைப்பு செய்து, அதைச் சோதித்தும் பார்க்காமல் ரோட்டில் விடக் கூடாது. கோயம்புத்தூரில் லேத் வேலைக்குப் பஞ்சமில்லை, கையும் நல்ல கை. ஆனால் செய்த பாகத்தைச் சுவரில் மோதிப் பார்க்க எந்த ஒர்க்‌ஷாப்பிலும் வசதி கிடையாது. தெரியாத தண்டை நம்புவதைவிடத் தெரிந்த கெட்டி ராடோடு நல்ல பெல்ட்டைப் போட்டுக்கொள்ளச் சொல்வேன். மூன்று முனை பெல்ட், அதைப் பிடிக்கிற இடத்தில் உள்ளிருந்து கெட்டித் தகடு, சீட்டு போல்ட் துருப்பிடிக்காமல், சீட்டை ஒரு சாண் பின்னால் தள்ளி உட்காருவது. செலவு குறைவு, பலன் நிச்சயம். ஃப்ளோர் கியர் வண்டி என்றால் மேற்கொண்டு பேசலாம்.

மச்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஓனரிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் போன் வந்தது. "சொன்னேனுங் மாப்ள. பெல்ட்டுப் போட்டா மாப்பிள்ளை கோட்டு கசங்கிப் போயிருமாம். பின் சீட்டுக்கு மட்டும் வேண்டாம், ட்ரைவருக்குப் போட்டுக் குடுங்கன்னுட்டாரு. நான் நாலுக்கும் போட்டு பில்லப் போட்றேன், காசு குடுக்கறப்ப பாத்துக்கலாம்."